கயித்துக்காரன்

முத்துக் குளிக்கிற அந்தக் கரையில் மனைவியின் உடன்பிறந்தவனைக் ‘கயித்துக்காரன்’ என்பார்கள். கடலடியில் சிப்பி அள்ளுகிறவனின் கயிற்றைத் தோணியில் அவன்தான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க விடுவானா? அன்று தங்கை புருஷன் கஸ்பார் தூக்கச் சொல்லி அடியிலிருந்து கயிற்றை அசைத்தபோது, கயிறு பிடித்திருந்த இன்னாசி பக்கத்துத் தோணிக்காரனின் கேலிக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். பிந்தித்தான் தூக்கினான். கஸ்பார் மூக்கில் ரத்தம் வழிய மேலே வந்தான். நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. தங்கை வழக்கம்போல அண்ணனுக்குப் பெரிய மீன்துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் இன்னாசியைக் காட்டி, “இவுரு ஆரு, ஒம்ம கயித்துக்காரரா?” என்று கேட்டார்.

கஸ்பார் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “எம் பொஞ்சாதிக்கு அண்ணன்” என்றான்.

அதில் பொய் ஒன்றுமில்லை. வெளியூர்க்காரரைக் கும்பிடத் தூக்கிய கைகளை எங்கே வைப்பதென்று இன்னாசிக்குத் தெரியவில்லை.