அழுகைப் படம்

கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் செபநாயகம் சுற்றச் சுற்ற, டைனமோவின் தயவில் றேடியோ ஒரு படத்தின் வசனத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்தது. வேலிக்கு அங்கால் நின்று கேட்ட யோசப்பின் என்ற பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

“உதெல்லாம் ஒரு படமே? சனம் சும்மா தூக்கிப் பிடிக்குது” என்றார் செபநாயகம்.

“அந்தத் தாய் கதைச்சதைக் கேட்ட பிறகுமோ, அண்ணை?”

“அவ எங்கை கதைச்சவ? ஒப்பாரியெல்லோ வைச்சவ.”

“உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லை.”

இருட்டும்வரை சண்டை பிடித்துவிட்டுத்தான் அவள் போனாள்.

பிள்ளைகள் வெளிநாடு போனபின் தான் மட்டுமே இருக்கும் வீட்டுக்குள் வந்த செபநாயகம், அந்தத் தாயின் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிப் பார்த்தார். கண் கலங்கியது.

போன கிழமை வேறொரு படத்தைக் கேட்டு முடித்தபோது, “நல்ல படம்” என்று உண்மையைச் சொல்லியிருந்தார். “ஓமண்ணை” என்றுவிட்டு அவள் உடனேயே போய்விட்டாள்.