பதினான்காவது ஜோடி

ஆர்டர் தாளில் பெயர்கள் இல்லை. சைஸ் மட்டும்தான் இருந்தது.

ஆசியப் பெண்கள் வாலிபால் போட்டிக்குப் போகும் இந்திய அணிக்கு, தொடக்க விழா அணிவகுப்பில் போட்டுக்கொள்ளக் கருப்புத் தோல் ஷூ. பதினான்கு ஜோடி. ஆம்பூரில் எத்தனையோ கம்பெனிகள் இருக்க, இலவசமாகவே செய்து தருகிறேன் என்று முதலாளி கேட்டு வாங்கி வந்திருந்தார். கம்பெனி வாசலில் பேனர்கூடக் கட்டியாகிவிட்டது.

அணியின் பட்டியல்தான் இன்னும் வெளியாகவில்லை.

பூர்ணிமா அந்தத் தாளை மூன்றாவது முறையாகப் படித்தாள்.

அவளுக்குப் பெயர்கள் தேவையில்லை. இந்திய அணிக்கான கேம்பில் ஆறு வாரம், இருபத்தைந்து பேரோடு ஒரே ஹாலில் படுத்து எழுந்துவிட்டு வந்தவள். மற்றவர்கள் முகம் பார்த்துப் பழகினார்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் இவள், வாசலில் கழற்றிப் போட்ட ஷூக்களைப் பார்த்துப் பழகினாள்.

40 என்றால் பாலக்காட்டுக்காரி. வலையருகே சுவர் மாதிரி எழும்புவாள். 37, விழுந்து விழுந்து பந்தை எடுக்கும் வங்காளப் பெண். இரண்டு 41, ரயில்வேயில் வேலை பார்க்கும் இருவர்.

இப்படிப் பதின்மூன்று சைஸுக்கும் ஆள் தெரிந்தது.

பதினான்காவது, 35.

42 இல்லை.

கேம்பிலேயே 42 போடுகிறவள் பூர்ணிமா ஒருத்திதான். ஆறடி உயரம். பத்தாம் வகுப்பிலிருந்தே ஆண்கள் செருப்புதான்.

கேம்பின் கடைசி நாளில் கோச் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பையைக் கட்டிவைத்துக்கொண்டு போனுக்குக் காத்திரு என்று சொல்லியிருந்தார். சும்மா சொல்கிற ஆள் இல்லை. 35 போடுகிறவள் என்று அந்தக் கேம்பில் ஒருத்திகூட இல்லை.

"இன்னாடி, பரீட்ச பேப்பர் மாதிரி பாத்துக்கினே கீற?" என்றாள் பக்கத்து டேபிள் பில்கிஸ். "டைப் அடிச்சவன் மாத்தி அடிச்சிருப்பான். நம்மகிட்ட 35க்கு லாஸ்டே கெடையாதே."

அதுவும் சரிதான். காலின் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சுக்குத்தான் லாஸ்ட் என்று பெயர். அதன்மேல் தோலை இழுத்து ஒட்டினால்தான் ஷூ. இந்தக் கம்பெனியில் பெண்கள் லாஸ்ட் 36-இல்தான் தொடங்கும். இல்லாத லாஸ்டில் எப்படி ஷூ செய்வார்கள்?

சூப்பர்வைசர் அஸ்பாக் பாயிடம் போய்க் கேட்டாள். அவர் ஆபீசுக்குள் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாள் கரெக்டுதாம்மா."

அவள் நகராமல் நின்றதைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நீ போகலன்னா இன்னா, நீ தொட்ட ஷூ போவுதே. அது பெருமையில்லையா?"

ஆறுதலாகத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பூர்ணிமா தன் இடத்துக்குத் திரும்பினாள். ஒட்டிக் காய்ந்து வரும் ஷூவிலிருந்து லாஸ்டை உருவி எடுப்பது அவள் வேலை. கவ்விப் பிடித்திருக்கும் தோலை விட்டு அது லேசில் வராது. மற்ற கம்பெனிகளில் ஆண்கள் செய்வது. இங்கே அவள் தோளைப் பார்த்து, வாலிபால் அடிக்கிற கைதானே என்று கொடுத்தார்கள். கேம்புக்குப் போன ஆறு வாரத்துக்கும் சம்பளம் கிடையாது என்றார்கள். அதற்கும் தலையாட்டினாள்.

மதியம் அந்த ஷூக்கள் வரத் தொடங்கின.

40 வந்தது. உருவினாள். 41. உருவினாள். இவர்கள்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. இவர்களுக்கு முட்டி வீங்கியபோது ஐஸ் வைத்து விட்டவள் அவள். ஒவ்வொரு ஜோடியையும் கீறல் படாமல், அடுத்த டேபிள்களுக்கு ஓடும் பெல்ட்டில் வைத்தாள்.

தோற்றிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். யாரிடம் தோற்றோம் என்று தெரிய வேண்டாமா? அந்த 35 எந்த வலைக்கு மேல் எழும்பியது? எந்த மைதானத்தில் ஓடியது? ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த ஹாலின் வாசலில் கழற்றிக் கிடந்ததா?

கடைசியாக அது வந்தது. மற்றவற்றின் பக்கத்தில் பள்ளிப் பிள்ளையின் ஷூ போல இருந்தது.

இடது ஷூவைப் பிடித்து ஒரே இழுப்பில் லாஸ்டை உருவினாள்.

லாஸ்டில், ஷூவுக்குள் மறைந்திருந்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது.

‘சின்ன மேடம். கல்யாண ஷூ.’

போன வருஷம் முதலாளி மகளின் கல்யாணத்துக்கு, அவள் காலுக்கென்றே சென்னையில் சொல்லிச் செய்து, அதன்பின் வெளியே வராமல் சாம்பிள் ரூமிலேயே கிடந்த லாஸ்ட்.

அஸ்பாக் பாய் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "குடும்மா. சாம்பிள் ரூம்ல வெச்சிப் பூட்டணும்."

பூர்ணிமா கொடுக்கவில்லை. எழுத்து மேலே தெரியும்படி லாஸ்டைத் திருப்பி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின்மேல் வைத்தாள்.

முதலில் பில்கிஸ் படித்தாள். பசை தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அடுத்தது பாலிஷ் டேபிள். அதற்கடுத்தது செக்கிங். பேக்கிங் வரைக்கும் முப்பத்தெட்டுப் பெண்கள்.

பெல்ட்டை நிறுத்தும் சுவிட்ச், அஸ்பாக் பாயின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் நிறுத்தவில்லை.