படிகத்துக்குள் ஒரு முகம்

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில், இருட்டாக்கிய ஆய்வகத்துக்குள் தங்கப்பொண்ணு நிற்கிறாள். பச்சை லேசர் ஒளி கற்கண்டுத் துண்டு போன்ற படிகத்துக்குள் நுழைந்து வெளியே வர, எதிரே திரையில் ஒரு பெண்ணின் முகம் மெல்லத் தெளிகிறது. உப்பைத் தூவியதுபோல் முகமெங்கும் புள்ளிகள். இறந்துபோன அவள் கணவன் மருது, இங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது பதித்து வைத்த படம். மூக்குத்தியைப் பார்த்த பிறகுதான், அது கல்யாணப் போட்டோவில் இருந்த தன் முகம் என்று அவளுக்குப் புரிகிறது. “ஏங்க்கா இம்புட்டுப் புள்ளி?” “அதை நாங்க இரைச்சல்னு சொல்லுவோம், லேசர் வெளிச்சத்துல இது இருக்கத்தான் செய்யும். அதுக்கு மேல ரோட்டுல பஸ் போனா மேசை அதிரும், பதியிற படமே கெட்டுப்போகும். அதான் பஸ் ஓடாத பந்த் அன்னைக்கு வந்து, பகல் பூரா உக்காந்து பதிஞ்சான்,” என்கிறாள் அவனோடு படித்த கனகலட்சுமி. “ஒவ்வொரு தடவை வெளிச்சம் படும்போதும் இந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமா அழியும், தங்கம்.”

தங்கப்பொண்ணுக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. மத்தியானமே வாரேன் என்று சொல்லிவிட்டுப் பொழுது சாய்ந்து வந்தவனிடம் அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆறிப்போன சோற்றை அவன் தனக்குள் சிரித்தபடி தின்றான். எங்கே போனாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “அணைச்சிருங்கக்கா,” என்கிறாள். “மக ஞாயித்துக்கெழம வாரா. அவளும் பாக்கணும்.” கனகலட்சுமியின் கை ஸ்விட்சுக்குப் போகிறது. தங்கப்பொண்ணு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.