நாலே நாலு மாற்றம்

"ஆட்டுக்குப் பதிலா நாய். அவ்வளவுதான் சார், சின்ன மாற்றம்" என்றார் இயக்குநர்.

படக்கதை ஓவியர் தூரிகையைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ராக்கெட்ல ஆடு போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்ல சார். நாய்னா பாக்குறவங்களுக்குப் பாசம் வரும்."

"உங்களுக்கெல்லாம் ஆடு தட்டுல வந்தாத்தான் பாசம் வரும்."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். கையெழுத்து வாங்கும்வரை சினிமாக்காரர்கள் எதற்கும் சிரிப்பார்கள் என்று ஓவியருக்குத் தெரியும். அவருடைய நண்பர் ஒருவர் விண்வெளிக் கதை எழுதி சினிமாவுக்குக் கொடுத்தார். படம் வந்தபோது விண்கலம் ஓடவேண்டிய இடத்தில் பஸ் ஓடியது. வேற்றுக்கிரகவாசி நிற்கவேண்டிய இடத்தில் கதாநாயகியின் அப்பா நின்றார். கதையில் மிஞ்சியது நண்பரின் பெயர் ஒன்றுதான். அதிலும் ஒரு எழுத்தைத் தின்றிருந்தார்கள்.

"ஏங்க, கையெழுத்தைப் போட்டுட்டுப் பேசுங்களேன்" என்றபடி டீயை வைத்தாள் மனைவி. படம் வரப்போகிறது என்று மூன்று மாடிக்கும் அவள் சொல்லி முடித்துவிட்டாள். இனி வராவிட்டால் படிக்கட்டில் தலைகாட்ட முடியாது.

"ரெண்டாவது" என்று இயக்குநர் தொண்டையைச் செருமினார். "விண்கலத்துல வழி சொல்ற மச்சான். எப்பப் பாத்தாலும் தின்னுக்கிட்டு, 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு கேப்டனைக் குத்திக் காட்டிக்கிட்டு... அவருக்குப் பதிலா ஒரு பேசுற கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் பேசும். முகத்தைத் தூக்கி வெச்சுக்குமா? மச்சான் இருப்பான்."

"மூணாவது, விண்கலத்தைத் தள்ளி ஸ்டார்ட் பண்றது. ஒரு பட்டனை அமுக்கினா கிளம்புற மாதிரி..."

"பட்டனை அமுக்கினா எல்லாம் கிளம்பிடுமா? உங்க காரைத் தெருமுனையில எத்தனை பேர் தள்ளினாங்கன்னு ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

இயக்குநர் இந்த முறை கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்.

"கடைசியா க்ளைமாக்ஸ் சார். கடைசிக் கிரகம் வரைக்கும் போன கேப்டன், வீட்டைப் பூட்டினோமா இல்லையான்னு சந்தேகம் வந்து, இறங்காமலே திரும்பி வர்றார். டிக்கெட் வாங்கினவன் சும்மா விடுவானா? இறங்கி ஒரு கொடியை நட்டுட்டு வரட்டுமே."

"கொடி நட்டவன் வீட்டைத் திருடன் காலி பண்ணிட்டுப் போவான். சந்தேகம் வந்தா திரும்பித்தான் வரணும். நாலுல ஒண்ணையும் தொடக்கூடாது."

"மிச்சமெல்லாம் அப்படியே இருக்கு சார். ஒன்பது கண் ராணி, கண்ணாடி நகரம், நிழல்களோட சண்டை. ஒரு கட்டத்தைக்கூட மாத்தல. கதைக்கு அவ்வளவு விசுவாசமா எடுக்குறோம்."

ஓவியர் கையை வீசினார். "அதையெல்லாம் என்ன வேணா பண்ணிக்குங்க. ராணிக்கு ரெண்டு கண்ணு போதும்னா ரெண்டே வைங்க. நகரத்தைத் தகரத்துல கட்டிக்குங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ராணிக்காகத்தானே ஊரே உங்க புத்தகத்தை வாங்கிச்சு! அவளைத் தாரை வாத்துட்டு ஆட்டு வாலைப் பிடிச்சுத் தொங்குறீங்களே!"

"உனக்குத் தெரியாது. நீ சும்மா இரு."

"அம்மா சொல்றது சரிதான் சார்" என்று இயக்குநர் நைசாக நுழைந்தார். "வெளிநாட்டுல இந்த மாதிரிக் கதைன்னா நாய், கம்ப்யூட்டர், பட்டன், கொடி இதெல்லாம்தான் இருக்கும்."

ஓவியர் டீயைத் தள்ளி வைத்தார். "அப்ப வெளிநாட்டுக்கே போய்ப் படம் எடுங்களேன்! என் வீட்டுல ஏன் உட்காந்திருக்கீங்க? நாலும் இருந்தா கையெழுத்து. ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது. வாசல் அந்தப் பக்கம்."

மனைவி மூன்று மாடிகளையும் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இயக்குநர் பேனாவைத் திறந்து நீட்டினார். "ரொம்ப சந்தோஷம் சார். நாலையும் தொடவே மாட்டோம்."

ஓவியர் பேனாவை வாங்கவில்லை. சினிமாக்காரன் இவ்வளவு சுலபமாக மடங்கினால் எங்கேயோ இடிக்கிறது. "என்ன சட்டுன்னு ஒத்துக்கிட்டீங்க? ஏதாவது வில்லங்கமா?"

"அதெல்லாம் போன மாசமே தீர்ந்துடுச்சு சார். ராணி, நகரம், சண்டை எல்லாத்துக்கும், அதையெல்லாம் முதல்ல வரைஞ்ச வெளிநாட்டுக்காரர்கிட்டயே உரிமை வாங்கிட்டோம். அவர் புத்தகத்துல நாயும் கம்ப்யூட்டரும் பட்டனும் கொடியும்தான் இருக்கு. நீங்க சொந்தமாப் போட்டது இந்த நாலுதான், இதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தோம். விட்டுக்கொடுக்குறீங்களான்னு பாக்கத்தான் மாத்தச் சொன்னேன். இதையும் விட்டுக்கொடுத்திருந்தீங்கன்னா உங்க கையெழுத்தே எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது."

ஓவியர் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி அவரை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"நாலு எங்க இருக்கு? மச்சான் என் தம்பி. தள்ளி ஸ்டார்ட் பண்றது எங்கப்பா கொடுத்த ஸ்கூட்டர். பூட்டினோமான்னு பாதி வழியில திரும்பி வர்றது நான். இவர்கிட்ட ஆட்டை மட்டும் வாங்கிக்குங்க."