ஏழு மணி ஷூட்டிங்

"தம்பி, மணி என்ன ஆச்சு தெரியுமா? ஏழுன்னா ஏழுக்கு ஆள் இருக்கணுமா, வேண்டாமா?"

பூட்டிய ஸ்டூடியோ வாசலில் நின்றபடி அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். மறுமுனையில் கேமராக்காரர் அப்போதுதான் கண் விழித்த குரலில், "அக்கா... நீங்க எங்க இருக்கீங்க?" என்றார்.

"எங்க இருக்கேனா? உன் ஸ்டூடியோ வாசல்ல, உன் பூட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன்!"

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

"அங்கேயே இருங்கக்கா. எங்கேயும் போயிடாதீங்க. இதோ வந்துட்டேன்."

கோபம் வராதா பின்னே? சோப்பு விளம்பரத்தில் தொடங்கி, குக்கர் வழியாக, முட்டிவலித் தைலத்துக்கு வந்து சேர்ந்த மாடல் அவள். தொழிலில் எல்லோருக்குமே அக்காதான். காய்ச்சலோடு ஷூட்டிங் போயிருக்கிறாள். தாமதமாக ஒரு நாளும் போனதில்லை. இந்த வயதில் மூக்கும் முழியும் பார்த்தா கூப்பிடுகிறார்கள்? வருகிறேன் என்றால் வந்துவிடுவாள் என்கிற பேருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர் போய்விட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எப்போதடா அம்மா உட்காருவாள் என்று மகள் வேறு காத்துக்கொண்டிருக்கிறாள்.

கேமராக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். காலில் வீட்டுச் செருப்பு. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. தூங்கிட்டேன்."

"நல்லா தூங்கினே போ! கும்பகர்ணனே எழுந்து பல் தேய்ச்சிருப்பான். ராத்திரி மெசேஜ் போட்டேனே, காலைல வந்துடறேன்னு? ஒரு 'சரி' போட விரல் வலிச்சுதா உனக்கு? பதிலே இல்லைன்னா ஒரு மாடல் என்னன்னு நினைக்கிறது? ஷூட்டிங் இருக்கா, இல்லையா, வேற ஆளைப் போட்டுட்டானான்னு எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை."

"தப்புதான்கா. பார்த்திருக்கணும். பதில் போட்டிருக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பூட்டைத் திறந்தார்.

உள்ளே போனால் இன்னும் மோசம். விளக்குகளையெல்லாம் மடக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தது. பின்னால் கட்டுகிற நீலத் திரை சுருட்டிக் கிடந்தது.

"மேக்கப் பொண்ணு எங்க?"

"லீவுக்கா."

"கம்பெனிக்காரங்க?"

"அவங்க... நீயே பார்த்துக்கோன்னு சொல்லிட்டாங்க."

"சரி, கண்ணாடியாவது இருக்கா?"

விளம்பரமே மூக்குக் கண்ணாடிக்குத்தான். கேமராக்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து நீட்டினார்.

"இப்போதைக்கு இதைப் போட்டுக்குங்கக்கா. அப்புறம் கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்."

"மாப்பிள்ளையை மறந்துட்டு ஊர்வலம் போன கதையா இருக்கே!"

சொல்லிக்கொண்டே கண்ணாடியை வாங்கியவளுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. குரல் இறங்கியது.

"ஏன் தம்பி, கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டு, நான்தான் வரலைன்னு நினைச்சுத் திரும்பிப் போயிட்டாங்களோ? அப்படி ஒரு பேச்சு கிளம்பினா அவ்வளவுதான்டா. அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?"

"ஐயோ, இல்லவே இல்லக்கா! தப்பு முழுக்க என்னோடதுன்னு நானே சொல்லிடறேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. என்னை நம்புங்க."

நம்பினாள். வேறென்ன செய்வது? அவர் ஒற்றை ஆளாக விளக்குகளைத் தூக்கி நிறுத்தினார், திரையைக் கட்டினார், நடுவில் அவளுக்கு டீயும் போட்டுக் கொடுத்தார். அக்கா தானே பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாத மனுஷன் கேமராவோடு முட்டி மோதுவதைப் பார்த்ததும் அவளையறியாமல் சிரித்துவிட்டாள்.

"அதேதான்கா! அதே சிரிப்பு!"

"எந்தச் சிரிப்பு?"

அவர் ஒரு நொடி தடுமாறினார். "உங்க சிரிப்புதான்கா. ஊருக்கே தெரிஞ்ச சிரிப்பாச்சே."

ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தும் அக்காவுக்குக் குளிர்ந்துவிட்டது.

அவரும் ஒன்றும் குறை வைக்கவில்லை. இப்படித் திரும்பச் சொன்னார், அப்படிப் பார்க்கச் சொன்னார், விளக்கைத் தள்ளி வைத்து மறுபடி எடுத்தார். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டார். காலையில் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

வண்டியில் ஏற்றிவிடும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், விடு. உன் ஸ்டூடியோ பூட்டிக் கிடந்ததைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆனா இனிமே முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிடு. நம்ம தொழில்ல பேர்தான்டா சோறு போடுது."

"சொல்லிடறேன்கா."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றவர், போனை எடுத்து அக்காவின் மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா கிளம்பிட்டாங்கம்மா. வாசல்லயே நின்னு இறக்கிக்குங்க."

"காலைல எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். உங்க மெசேஜைப் பார்த்ததும்தான் சார் எனக்கு உயிரே வந்துச்சு." மகள் மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்! விஷயத்தைச் சொல்லி அப்பவே அனுப்பி வெச்சிருக்கலாமே?"

"எப்படிம்மா சொல்றது? நேத்தே வந்து அருமையா நடிச்சுக் குடுத்து, எல்லாரும் கை தட்டி முடிஞ்சுபோன ஷூட்டிங்தான்... ஆனா சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கற மாடலை எந்தக் கேமராக்காரன்மா திருப்பி அனுப்புவான்?"