சரிவில் ஆறு குச்சிகள்

"மறுபடியும் அதே கதைதான் லா!" சரிவின் அடியிலிருந்து சுரேன் கத்தினான். "நாலாவது குச்சிகிட்ட வண்டி மெதுவாகுது!"

உச்சியில் நின்ற துளசி நோட்டுப் புத்தகத்தில் நாலாவது எண்ணை அடித்தாள். சரிவில் விட்ட வண்டி, போகப் போக வேகம் கூடத்தான் வேண்டும். அதை அளந்து காட்டுவதுதான் அவர்கள் இருவருடைய ப்ராஜெக்ட். சாலையோரப் புல்லில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக ஆறு குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு ரிப்பன். வண்டி ஒவ்வொரு குச்சியைக் கடக்கும்போதும் கைப்பேசியில் நேரத்தைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

திங்கட்கிழமை ஈப்போவில் விரிவுரையாளர் முன்னால் நின்று விளக்க வேண்டும். கணக்கு ஒத்து வராவிட்டால் அடுத்த செமஸ்டரில் இதே பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

சுரேன் ப்ளைவுட் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தான்.

"நேத்து ரெண்டாவது குச்சி. இன்னிக்கு நாலாவது. பேரிங் மாத்தியாச்சு. எண்ணெய் விட்டாச்சு. செங்கல் ஏத்திப் பாத்தாச்சு. இனிமே தேங்காதான் உடைக்கணும்."

"உன் தலையிலேயே உடை."

"ஒடைச்சிக்கோ. வண்டி ஒழுங்கா ஓடுனா சரி."

"குச்சிய ஒரு தடவ அளந்து பாத்துட்டா என்ன?"

"டேப்ப மொத நாளே லேப்புல திருப்பிக் குடுத்தாச்சு. குச்சிக்கு என்ன, காலா மொளைச்சிருக்கு? வண்டியப் பாரு லா."

அதுவும் சரிதான். துளசி வண்டியைத் திருப்பிப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினாள். அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சாலை ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்தது. ரப்பர் பால் லோரிகள் ஏறி இறங்கிய சரிவு. தொழிலாளர் குடியிருப்பான மேல் லயம் இருந்த இடத்தில் இப்போது ஒரே அச்சில் வார்த்த மாடி வீடுகள். கீழே மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வரிசை லயத்து வீடுகள். அதில் முதல் வீடு நவமணியுடையது.

அவர்கள் குச்சி நட்ட அன்றைக்கே நவமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எந்த ஆபீஸ்லருந்து வாரீங்க?"

"ஆபீஸ் இல்ல ஆண்ட்டி, காலேஜ். வண்டி எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பாக்குறோம்."

"ஓ, காலேஜா!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பால் சேர்க்காத தே ஓ தேநீரும் சூடான பீசாங் கோரெங் வாழைப்பழப் பஜ்ஜியும் வந்துவிடும். கூடவே கேள்விகளும் வரும். எத்தனை அடிக்கு ஒரு குச்சி? எழுதினதை யாரிடம் கொடுப்பார்கள்? அவர் அதை வைத்து என்ன செய்வார்? துளசியின் படிப்பைப் பற்றி அவள் அம்மாகூட இத்தனை கேட்டதில்லை.

"குச்சிங்கள இங்கயே உட்டுட்டுப் போங்க. நான்தான் ஜாகா, காவக்காரி," என்றாள் நவமணி. "கோழிகூட கிட்ட வராது."

இன்றைக்கும் வழக்கம்போலத் தட்டோடு வந்தாள். அவள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த துளசி பலகாரத்தைத் தொடவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் மழை கருத்துக்கொண்டிருந்தது. சுரேன் மட்டும் சரிவில் குனிந்து சாலையில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா மொகம் இப்படி இருக்கு?"

"கணக்கு வர மாட்டேங்குது ஆண்ட்டி. நாங்க ஃபெயிலாத்தான் போகப்போறோம். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

நவமணி தட்டைக் கீழே வைத்தாள். "நெசமாவே பரீட்சைக்கா இது?"

"வேற எதுக்கு?" துளசி நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

நவமணி பக்கம் பக்கமாகப் புரட்டினாள், எதையோ தேடுவது போல. சக்கரப் படம். வண்டிப் படம். அடித்து அடித்துத் திருத்திய எண்கள். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"இதுல வீடு ஒண்ணுமே இல்லியே?"

"வீடா? வண்டி ஓடுறது மட்டும்தான் ஆண்ட்டி."

நவமணி நோட்டை மூடித் துளசியிடமே கொடுத்தாள். தூரத்தில் எங்கோ இடி உருண்டது.

"மேல் லயத்துலயும் இப்படித்தான்மா," என்றாள். "நெலம் அளக்க ரெண்டு பேரு சிரிச்சிக்கிட்டே வந்தாங்க. செவப்பு ரிப்பன் கட்டிக் குச்சி நட்டாங்க. மூணே மாசம், வீட்ட காலி பண்ணச் சொல்லிக் கடுதாசி வந்துருச்சு."

எழுந்து உள்ளே போனவள் கையில் சுத்தியலோடு திரும்பி வந்தாள்.

"புடுங்கிப் போட்டா நீங்க மறுபடி நட்டுருவீங்க. தள்ளி நட்டாத்தானே கணக்கு கெடும்னு ராத்திரில நட்டு வெச்சேன்," என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு சரிவில் ஏறினாள். "அந்தத் தம்பியையும் கூப்பிடு, மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம். எந்தக் குச்சி எங்க இருந்துச்சின்னு எனக்குத்தானே தெரியும்!"