நாடு உள்ளவர்கள்

அலைத்தீவு கடலில் மூழ்கி இரண்டு வருடமாகிவிட்டது. ஆனாலும் உலகச் சபையில் அதற்கு ஓர் ஓட்டு மிச்சமிருந்தது. அந்த ஓட்டைப் போடும் தூதர் யோகராணி, தீவின் மற்ற மக்களோடு ஒரு பெரிய நாட்டின் அகதி முகாமில் அடைபட்டிருந்தாள். சபை கூடும்போது மட்டும் காவலோடு வெளியே போய்வருவாள்.

நாடற்றவர்களை யாரும் அடைத்துவைக்கக் கூடாது என்று அன்று அவள் கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தப் பெரிய நாடும் ஆதரித்தது.

திரும்பியதும் முகாம் அதிகாரியிடம், "எங்களை எப்போ விடுவீங்க?" என்று கேட்டாள்.

"அந்தத் தீர்மானம் நாடில்லாதவங்களுக்கு மட்டும்தாம்மா. உங்களுக்குத்தான் நாடு இருக்கே! இன்னைக்குக்கூட அதுக்காக ஓட்டுப் போட்டீங்களே" என்றார் அவர்.

கணவன் பொன்னுத்துரைக்கு முகாமின் ஈரம் நெஞ்சில் இறங்கியிருந்தது. "அந்தப் பதவியை விட்டுடு ராணி" என்றான்.

"விட்டா, நம்மள மாதிரி அடைபட்டவங்களுக்காக அங்க யாரு பேசுவா?"

அவன் பதில் சொல்ல முயன்று இருமினான். இருமல் நிற்கவேயில்லை.

மறுநாள் சபையில் எழுந்து, அலைத்தீவு என்றொரு நாடு இனி இல்லை என்று அவளே அறிவித்தாள். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

மாலையில் முகாம் கதவு திறந்தது. கணவனைத் தாங்கிப் பிடித்தபடி வெளியே வந்தவளைப் பார்த்து அதே அதிகாரி கத்தினார்:

"ஏய், வரிசையில நில்லு!"